தோட்ட ஆபீஸின் பழைய 386 கணினியை மறுபடியும் இயக்கலாமா?

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாளும் சம்பளமும் பதியும் பேரேடு) கிளாக்கராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஆபீஸுக்கு வந்த 386 என்ற பழைய ரகக் கணினியில் சம்பளக் கணக்குப் பழகியவர் நீங்கள். ஆபீஸ் கழித்துவிட்ட அந்தப் பெட்டி இப்போது உங்கள் வீட்டு அட்டாலில் இருக்கிறது. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறையப் புளொப்பிகள். இதை மறுபடியும் இயக்க முடியுமா, இன்றைய கணினி எதிலும் அந்த நாளின் நிறைவு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெட்டிக்குள் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது. அதில் ஒரு பகுதி உங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹட்டன், மஸ்கெலியா, நானுஓயாப் பக்கங்களில் தோட்ட ஆபீஸ் கணினிகளைத் திருத்துவதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. 1992இல் அரசு தோட்ட நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளித்த பிறகுதான் நான் போய்வந்த ஆபீஸ்களில் கணினி பரவலாக வந்தது. உங்களுடையதைப் போன்ற பெட்டிகளை நிறையவே திறந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இப்போதைக்கு பிளக்கைச் செருகாதீர்கள்.

ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடந்த கணினியை எடுத்தவுடன் மின்சாரத்தில் மாட்டுவதுதான் அதை ஒரேயடியாகக் கெடுத்துவிடும் வழி. முதலில் மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில், கீபோட் மாட்டும் துளைக்கு அருகே பீப்பாய் வடிவத்தில் சிறிய பற்றரி ஒன்று ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது நிக்கல் கட்மியம் பற்றரி. கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போது திகதியையும் ஹார்ட் டிஸ்க் விபரத்தையும் காத்து வைத்திருப்பது அதன் வேலை. வயதானால் கசியும். கசியும் காரம் போர்டின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சையாகவோ நீலமாகவோ உப்புப் பூத்திருந்தால் பற்றரியை வெட்டி எடுத்துவிட்டு, வினாகிரியில் தோய்த்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பற்றரி இல்லாமல், டல்லஸ் என்று பெயர் பொறித்த கறுப்புச் சில்லுக் கட்டி இருந்தால் கசிவுப் பயம் இல்லை; உள்ளிருக்கும் மின்கலம் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது பவர் சப்ளை. பழைய பவர் சப்ளைகள் சிலவற்றில், மின்சாரம் நுழையும் இடத்தில் காகிதத்தால் ஆன கொண்டன்சர்கள் உண்டு. காலப்போக்கில் அவற்றின் மேலோடு வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மின்சாரம் பாய்ந்ததும் வெடித்து அறை முழுக்கப் புகை கிளம்பும். மலைநாட்டு ஈரத்தில் கிடந்த பெட்டி என்பதால் இந்தச் சந்தேகம் உங்கள் விஷயத்தில் கூடுதல். அந்தக் கொண்டன்சர்களை மாற்றுவது சிறிய வேலை. ஆனால் எலெக்ட்ரோனிக்ஸ் தெரிந்த ஒருவர்தான் செய்ய வேண்டும். மொனிட்டரின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் திறக்க வேண்டாம். பத்தாயிரம் வோல்டுக்கு மேல் ஏறும் இடம் அது. நிறுத்திய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கக் கூடும்.

ஹார்ட் டிஸ்க் சுழலுமா என்பதைப் பெட்டியைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. சில டிஸ்க்குகளில் வாசிக்கும் தலை தட்டின்மேல் ஒட்டிக்கொண்டு, மோட்டார் முனகுவதோடு நின்றுவிடும். சில, நேற்று நிறுத்தியவை போல எழுந்து நிற்கும். சுழன்றால் அந்த முதல் முறையையே கடைசி முறையாக நினைத்து, முழுவதையும் பிரதி எடுத்துவிட வேண்டும். விளையாடிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. சந்தையில் கிடைக்கும் யூஎஸ்பி மாற்றிகள் இவ்வளவு பழைய டிஸ்க்குகளைப் பெரும்பாலும் அடையாளம் காணாது. இந்த டிஸ்க்குகள் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் முகவரி சொல்லும் முறையில் செய்யப்பட்டவை. மாற்றிகளோ அதற்குப் பின் வந்த முறையை எதிர்பார்ப்பவை. 386க்குப் பின் வந்த பென்டியம் காலத்து மதர்போர்டு ஒன்றில் நேரடியாக மாட்டுவதே நம்பத்தக்க வழி. பழைய 386இலேயே ஓட்டுவதானால், பற்றரி செத்திருப்பதால் அந்த மூன்று எண்களையும் கையால் கொடுக்க வேண்டி வரும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். எண் தவறினால் கணினி டிஸ்க்கிலிருந்து எழும்பாது. ஆனால் புதிதாக எதையும் எழுதாதவரை உள்ளே இருப்பதற்குச் சேதமில்லை.

இனி புளொப்பிகள். பெட்டியைவிட அவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கொழும்பில் கிடந்த புளொப்பியும் தலவாக்கலையில் கிடந்த புளொப்பியும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் உலர்ந்த காற்றே கிடையாது. போதாததற்கு மூடுபனி வேறு. அந்த ஈரத்தில் டிஸ்க்கின் காந்தப் பூச்சில் பூஞ்சணம் பிடிக்கும். 5.25 அங்குலப் புளொப்பியானால் அதன் நீள்வட்டத் திறப்பு வழியாகப் பாருங்கள். 3.5 அங்குலமானால் உலோகத் தகட்டை விரலால் ஒதுக்கி, தட்டை மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு ஒரே பழுப்பு அல்லது கறுப்பாக மின்னினால் நல்லது. மங்கலான வட்டங்களோ வெள்ளைப் புள்ளிகளோ தெரிந்தால் அதை எந்த டிரைவிலும் போடக் கூடாது. அந்தப் பூஞ்சணம் டிரைவின் தலையில் அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல புளொப்பியையும் கீறிவிடும். ஒரே ஒரு பூஞ்சணப் புளொப்பியால் டின் முழுவதும் போவதை இப்படித்தான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டதை உறையிலிருந்து எடுத்து, ஐசோபுரொப்பைலில் நனைத்த பஞ்சால் மென்மையாகத் துடைத்து, காயவைத்து, சுத்தமான வேறு உறைக்குள் இட்டு, ஒரு தடவை வாசிக்க முயலலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம் என்ற எண்ணத்தோடு செய்ய வேண்டிய வேலை அது.

வாசிப்பதற்கு முன் எழுத்துத் தடையைப் போட மறக்காதீர்கள். பெரிய புளொப்பியில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் தடை. சிறியதில் மூலைத் துளை திறந்திருந்தால் தடை. ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். யூஎஸ்பி புளொப்பி டிரைவ்கள் 3.5 அங்குலத்தை மட்டுமே வாசிக்கும். 5.25 அங்குலத்துக்கு அந்தக் காலத்து டிரைவ் வேண்டும். அதைக் கிரீஸ்வீசில் போன்ற சிறிய இடைமுகப் பலகை மூலம் இன்றைய கணினியில் மாட்டலாம். கோப்பு கோப்பாகப் பிரதி எடுக்காமல், புளொப்பி முழுவதையும் அப்படியே ஒரு படிமக் கோப்பாக எடுத்து வையுங்கள். அழிந்ததாகக் காட்டப்படும் பகுதிகளும் அதில் சேர்ந்தே வந்துவிடும்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சம்பள நிரல்களில் நான் அதிகம் கண்டவை டிபேஸ் 3 பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்டவை. தோட்டத்து நிரல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: பதிவு எண், பெயர், பிரிவு, மாதத்தில் போட்ட பேர் (முழு நாள் வேலை), அரைப்பேர், மேலதிகக் கொழுந்தின் கிலோ, பிறகு கழிவுகள், அதாவது முற்பணம், தீபாவளி முற்பணம், அரிசி, மா, தொழிற்சங்கச் சந்தா, ஊழியர் சேமலாப நிதி. டிபேஸின் கோப்பு அமைப்பு மிக நேர்மையானது. ஒரு பதிவை நீக்கினால் அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். ‘பேக்’ கட்டளை கொடுக்கும்வரை அந்தப் பதிவு உள்ளேயே கிடக்கும். வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், கோப்பின் தலைப்பில் உள்ள பதிவு எண்ணிக்கை புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். ஆனால் கடைசியாகச் சேர்த்த பதிவுகள் அந்த எண்ணிக்கைக்கு அப்பால் டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் இறங்கி, நாடெங்கும் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நம் கண்ணெதிரே கிடக்க, இருட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு பதிவுகளை வரிசைப்படுத்தும் இண்டெக்ஸ் கோப்புகளைத் திரும்பக் கட்டிய கிளாக்கர்மார் எத்தனையோ பேர். அன்று போய்விட்டது என்று நினைத்த பதிவுகளில் சில, உங்கள் டின்னுக்குள் இன்றும் இருக்கக் கூடும்.

வாசிப்பதற்கு டிபேஸ் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் விரிதாள் அந்தக் கோப்புகளை அப்படியே திறக்கும். அந்தக் காலத்து விரிதாளான லோட்டஸ் 1-2-3இன் கோப்புகளையும் திறக்கும். திகதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். திரையில் ஆண்டு இரண்டு இலக்கமாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் நான்கு இலக்கமாகவே பதிந்திருக்கிறது. வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்துச் செயலியில் அடித்த கடிதங்களில் சொற்களின் கடைசி எழுத்து விகாரமாகத் தெரிந்தால் கோப்புக் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். வேர்ட்ஸ்டார் அந்த எழுத்தின் எட்டாவது பிட்டைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவே. பிற்காலத்தில் விண்டோஸில் அடித்த தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரிந்தால், அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவையாக இருக்கும். யுனிகோட்டுக்கு மாற்றும் நிரல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

அந்தக் கோப்புகளில் இருப்பவை மனிதர்களின் பெயர்கள். நம் தோட்டங்களில் ஒரு பெண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் எல்லோரும் கூப்பிடும் பெயர் என்று இருப்பது புதிதல்ல. அதைக் கணினியில் ஆங்கில எழுத்தில் ஏற்றியபோது ஒவ்வொரு கிளாக்கரும் ஒவ்வொரு விதமாக எழுதினார். பெயருக்கு ஒதுக்கிய இடம் குறுகலாக இருந்தால் பாதிப் பெயர் வெட்டுப்பட்டது. முதுமையில் சேமலாப நிதி எடுக்கப் போகும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, தோட்டத்துக்கும் ஆபீஸுக்கும் அலைந்த முதியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொழிலாளியிடம் 8 சதவீதம், தொழில்தருநர் 12 சதவீதம் என்று சட்டம் குறைந்தபட்சமாக வைத்த காசு அது. ஒரு வாழ்நாள் உழைப்பு. எந்த எண்ணில், எந்தப் பெயரில், எந்த மாதம் அது கழிக்கப்பட்டது என்பதற்கான தடயம் உங்கள் புளொப்பிகளில் இருக்கலாம். அப்படி ஒரு கோப்பு சட்டபூர்வமான சான்றாக ஏற்கப்படும் என்று நான் உறுதி தர மாட்டேன். அதைத் தொழில் திணைக்களம்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்த மாதத்துச் சி படிவத்தை (தோட்டம் மாதாமாதம் அனுப்பிய சேமலாப நிதிப் பட்டியலை) தேட வேண்டும் என்று கைகாட்ட அது போதும். வெறும் கையோடு போகும் ஒருவருக்கு அதுவே பெரிய உதவி.

அதே காரணத்தால் ஒரு கண்டிப்பும் உண்டு. அந்தக் கோப்புகளில் அடையாள அட்டை இலக்கங்களும் கடன் விபரங்களும் இருக்கும். நினைவுக்காகக்கூட அவற்றின் படத்தை எங்கும் பகிர வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, அந்த மக்கள் உங்களை நம்பிக் கொடுத்த விபரம் அது. பெட்டியை ஆபீஸ் கழித்திருந்தாலும் உள்ளிருக்கும் பதிவுகளையும் சேர்த்துக் கழித்ததாக அர்த்தமில்லை. பிரதி எடுத்ததும் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி, ஒரு பிரதியை அங்கே ஒப்படைப்பதுதான் முறை.

இப்போது உங்கள் ஏக்கத்துக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் கடந்தகாலத்தைக் கேட்டால், ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நாட்களே அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பதை உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளம் எல்லாம் அந்த வயதில் நிகழ்பவை. இரண்டாவது, அந்தக் கணினி உங்கள் விரலுக்கு உண்மையிலேயே வேகமாகப் பதில் சொன்னது. விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயக்குதளத்தில் ஒரு விசையை அழுத்தினால் எழுத்து நேராகத் திரையின் நினைவகத்துக்குப் போகும். இடையில் குறுக்கிட வேறு நிரல் கிடையாது. இன்றைய கணினியில் அதே எழுத்து பல அடுக்குகளைத் தாண்டித்தான் திரைக்கு வருகிறது. இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்: 1983இல் வந்த ஆப்பிள் 2இ கணினிக்கு ஏறக்குறைய 30 மில்லிசெக்கன், பல ஆண்டுகளுக்குப் பின் வந்த மடிக்கணினிகள் சிலவற்றுக்கு 100 மில்லிசெக்கனோ அதற்கு மேலோ. கணக்குப் போடும் வேகத்தில் 386 கிட்டவும் நிற்காது; ஆனால் கைக்கும் திரைக்கும் இடையே அது உங்களைக் காக்க வைக்கவில்லை. உங்கள் விரல்கள் பொய் சொல்லவில்லை.

இதற்கு அப்பால் சொல்வதெல்லாம் என் கணிப்பு. ஐம்பது வயதில் கணினியைச் சந்தித்த பெரிய கிளாக்கர்மார் யாரும் அந்தப் பெட்டியை நினைத்து ஏங்கி நான் கண்டதில்லை. அவர்கள் தோலட்டை போட்ட பேரேட்டையும் தங்கள் கையெழுத்தையும் நினைத்துத்தான் உருகினார்கள். ஆகவே இளமைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அப்பாவும் அம்மாவும் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற அதே தோட்டத்தின் ஆபீஸுக்குள் நாற்காலி கிடைத்த முதல் தலைமுறை நம்முடையது. தோட்ட மேலாளரான துரைக்கும் பெரிய கிளாக்கருக்கும் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெட்டியில் என்ன நடக்கிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓர் ஆளால் புரிந்துகொள்ளவும் முடிந்தது. தொடங்கும்போது ஓடும் இரண்டு சிறிய கோப்புகள், 640 கிலோபைட் நினைவகம், ஒரு நேரத்தில் ஒரு நிரல். மாத முடிவில் எப்சன் பிரிண்டர் துளைத்தாளில் சம்பளப் பட்டியலை அடித்து முடித்ததும் வேலை முடிந்தது; சம்பள நாளன்று நீங்கள் அச்சிட்ட துண்டைக் கையில் வைத்து ஒருவர் தன் கழிவுகளைக் கேள்வி கேட்டார், நீங்கள் முகம் பார்த்துப் பதில் சொன்னீர்கள். இன்று நீங்கள் அனுப்பும் கணக்கு கொழும்புத் தலைமையகத்துச் சேவையகம் ஒன்றுக்குள் போய்விடுகிறது. எது முடிந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிவதில்லை. உங்களுக்குக் குறைவதாக எனக்குப் படுவது இதுதான்.

பெட்டியை இயக்கினால் இதெல்லாம் திரும்புமா என்றால், கொஞ்சம் திரும்பும். அந்தத் திரையும் கட்டளைக் குறியும் மட்டும் போதுமென்றால் டொஸ்பொக்ஸ் என்ற இலவச நிரல் இன்றைய கணினியிலேயே அதைத் தந்துவிடும். பிரதி எடுத்த சம்பள நிரலை அதற்குள் ஓட்டியும் பார்க்கலாம். கை நினைவுக்குப் பழைய கீபோட் வேண்டும். அதன் ஐந்து முனைப் பெரிய பிளக்கை யூஎஸ்பியில் மாட்ட வெறும் வயர் போதாது, சமிக்ஞையை மாற்றும் சில்லு உள்ள மாற்றி தேவை. புளொப்பிகளைக் காப்பாற்றிய பிறகு நீங்கள் இதில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் செய்தால் தவறான இடத்தில் தொடங்குகிறீர்கள் என்பேன்.

பெட்டியை யாரிடமாவது திருத்தக் கொடுப்பதானால், புளொப்பி டின்னை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றை அதற்குள் போட்டு மூடுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் சீட்டில் உள்ள எண்கள் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு டிஸ்க்கின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, ‘ஃபோர்மட் செய்யக் கூடாது, விண்டோஸ் போடக் கூடாது, முதலில் பிரதி’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பழைய கணினி திருத்த வந்தால் முதல் வேலையாக டிஸ்க்கை அழித்துப் புதிதாக ஏற்றும் பழக்கம் இன்றைய கடைகளில் பரவலாக இருக்கிறது.